பென்டிரைவில் ஷார்ட்கட் மட்டும் தெரிகிறதா? ஃபார்மேட் செய்வதற்கு முன் அட்ரிப்

பிரவுசிங் சென்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ பிரிண்ட் எடுத்துவிட்டு வந்த பென்டிரைவை வீட்டில் செருகினால், ஃபோல்டர் இருந்த இடத்தில் எல்லாம் வளைந்த அம்புக்குறி போட்ட ஷார்ட்கட். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கேபிதான் இருக்கும். சில சமயம் அதுவும் இல்லாமல் பென்டிரைவே காலியாகத் தெரியும். இந்த இடத்தில்தான் பலர் எல்லாம் போய்விட்டது என்று நினைத்து ஃபார்மேட் கொடுக்கிறார்கள். வைரஸ் விட்டுவைத்த ஃபைல்கள் அந்த ஃபார்மேட்டில்தான் போகின்றன.

உள்ளே நடந்தது மிகச் சிறிய மாற்றம். எஃப்ஏடி32 (பென்டிரைவில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஒரு முறை) பென்டிரைவில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் 32 பைட் நீளத்தில் ஒரு பதிவு உண்டு. முதல் 11 பைட்டில் குறும்பெயர் இருக்கும். பன்னிரண்டாவது பைட்தான் பண்பு, அதாவது அட்ரிபியூட். அதில் 1 என்றால் ரீட்-ஒன்லி, 2 ஹிட்டன், 4 சிஸ்டம், 16 ஃபோல்டர், 32 ஆர்க்கைவ். சாதாரண ஃபோல்டரில் அந்த பைட்டின் மதிப்பு 16. வைரஸ் அதோடு 2ஐயும் 4ஐயும் சேர்த்து 22 ஆக்குகிறது. ஃபைல் என்றால் 32 என்பது 38 ஆகிறது. உங்கள் திட்ட அறிக்கையின் ஒரு எழுத்தைக்கூட அது தொடவில்லை. பெயரும் அளவும் தேதியும் அப்படியே இருக்கின்றன.

ஹிட்டன் மட்டும் போட்டிருந்தால் எக்ஸ்ப்ளோரரில் மறைந்த ஃபைல்களைக் காட்டும் அமைப்பை மாற்றினாலே தெரிந்துவிடும். அதனால்தான் சிஸ்டமும் சேர்ந்து வருகிறது. இரண்டும் சேர்ந்த ஃபைலை விண்டோஸ் தன்னுடைய பாதுகாக்கப்பட்ட ஃபைல் என்று எடுத்துக்கொள்கிறது. அதைக் காட்ட வேறொரு டிக்கை எடுக்க வேண்டும். அதை எடுத்து ஃபோல்டரைப் பார்த்துவிட்டாலும் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் ஹிட்டன் பெட்டி சாம்பல் நிறத்தில் உறைந்து கிடக்கும், எடுக்க முடியாது. சிஸ்டம் பண்பைக் கழற்ற எக்ஸ்ப்ளோரரில் பட்டனே இல்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலான கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்குப் போக வேண்டிய காரணம் இதுதான். அங்கே பண்புகளைக் காட்டவும் மாற்றவும் உதவும் கட்டளைதான் அட்ரிப்.

கீழே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது அதே எழுத்துகளை ஆங்கிலத்தில் அடியுங்கள். எச் ஹிட்டன், எஸ் சிஸ்டம், ஆர் ரீட்-ஒன்லி, ஏ ஆர்க்கைவ். கூட்டல் குறி பண்பை மாட்டும், கழித்தல் குறி கழற்றும். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது 16 ஜிபி பென்டிரைவ், எஃப்ஏடி32, கணினியில் எஃப் டிரைவாக வருகிறது. உங்கள் கணினியில் எழுத்து வேறாக இருக்கலாம். திஸ் பிசியில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் எந்த ஷார்ட்கட்டையும் இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். அதன் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியைப் பாருங்கள். அதில் உங்கள் ஃபோல்டரின் பாதை மட்டும் இருக்காது. சிஎம்டியில் (கமாண்ட் ப்ராம்ப்ட்டின் நிரல் பெயர்) தொடங்கி, ஒரு ஸ்கிரிப்ட்டை, அதாவது கட்டளைகள் எழுதிய சிறு ஃபைலை, ஓடவிட்டு, பிறகு உங்கள் ஃபோல்டரையும் திறந்து காட்டும்படி நீளமாக எழுதியிருக்கும். ஃபோல்டர் திறந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. 2011க்கு முன்பு, டிரைவில் உள்ள நிரலை விண்டோஸே தொடங்கும் ஆட்டோரன் வழியாக வைரஸ் ஓடிவிடக்கூடும். விண்டோஸ் 7 வந்ததிலும், பழைய விண்டோஸ்களுக்கு 2011 பிப்ரவரியில் வந்த அப்டேட்டிலும் பென்டிரைவுக்கு அந்த வழி அடைபட்டது. அதற்குப் பிறகு, நம் கையாலேயே கிளிக் செய்ய வைக்கும் இந்த ஷார்ட்கட் வழி நிறையப் பரவியது.

அடுத்து டிரைவின் ப்ராப்பர்ட்டீஸில் யூஸ்டு ஸ்பேஸ். திரையில் காலியாகத் தெரியும் பென்டிரைவ் 6 ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டினால் ஃபைல்கள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. சில எம்பி மட்டுமே காட்டினால் அது உண்மையாகவே அழிக்கப்பட்டிருக்கலாம். அப்போது அட்ரிப் உதவாது. பென்டிரைவில் எதையும் எழுதாமல் எடுத்துவைத்து, ரெகவரி மென்பொருள் பக்கம் போக வேண்டும்.

இப்போது ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தட்டித் திறங்கள். அட்மினாகத் திறக்காதீர்கள். எஃப்ஏடி32, அதே போன்ற இன்னொரு முறையான எக்ஸ்ஃபேட் பென்டிரைவுக்கு அட்மின் உரிமை தேவையே இல்லை. அதைவிட முக்கியமான காரணம், அட்மினாகத் திறந்தால் ப்ராம்ப்ட் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் நிற்கும். பென்டிரைவுக்கு மாற மறந்து, எங்கோ பார்த்த நீளமான அட்ரிப் வரியை அங்கேயே ஒட்டினால், அது இயக்கமுறைமையின் ஃபைல்களில் கைவைக்கத் தொடங்கிவிடும். இந்த வேலையில் நடக்கும் மோசமான பிழை இதுதான். தப்பிக்க எளிய பழக்கம் ஒன்று உண்டு: பாதை இல்லாமல் அட்ரிப்பை அடிக்கவே அடிக்காதீர்கள். வரிக்குள் எப்போதும் எஃப்:\ இருக்கட்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்:

டிர் எஃப்:\ /ஏ

சும்மா டிர் அடித்தால் மறைந்தவை வராது. /ஏ சேர்த்தால் எல்லாம் வரும். மறைவும் சிஸ்டமும் சேர்ந்தவை மட்டும் வேண்டுமென்றால் /ஏ:எச்எஸ். காணாமல் போன ஃபோல்டர் பெயர்கள் வரிசையாக வந்து நின்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பட்டியலை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்துக்கொள்வது நல்லது. கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் இருந்தால் இங்கே ஒரு தடங்கல் வரும். பழைய கமாண்ட் ப்ராம்ப்ட் ஜன்னலில் தமிழ் எழுத்துகள் பெட்டி பெட்டியாகத் தெரியும். சேமித்த டெக்ஸ்ட் ஃபைலிலோ கேள்விக்குறிகளாக விழும். ஃபைல் பெயர் கெட்டுப்போகவில்லை, காட்டும் இடத்தில்தான் கோளாறு. சிஎம்டியை யுனிகோட் முறையில் எழுத வைத்தால் சரியாகும்:

சிஎம்டி /யு /சி டிர் எஃப்:\ /ஏ /எஸ் /பி > டி:\பட்டியல்.டிஎக்ஸ்டி

(பட்டியல் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் ஏதாவது ஒரு பெயர் கொடுங்கள்.) திறக்கும்போது நோட்பேட் புரியாத எழுத்துகளைக் கொட்டினால், ஓப்பன் பெட்டியில் என்கோடிங்கை யுடிஎஃப்-16 எல்இ என்று மாற்றித் திறக்க வேண்டும்.

இனி பண்புகளைப் படிக்கலாம்:

அட்ரிப் எஃப்:\* /டி

ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஏ, எஸ், எச், ஆர் எழுத்துகள் வரும். /டி இல்லாமல் நட்சத்திரம் மட்டும் போட்டால் ஃபோல்டர்கள் சேராது, ஃபைல்கள் மட்டும்தான். மறைந்தவை ஃபோல்டர்களாக இருக்கும்போது /டியை விட்டுவிட்டு, கட்டளை வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

மறைவை மட்டும் கழற்றப் பார்த்தால் என்ன ஆகும்?

அட்ரிப் -எச் எஃப்:\அறிக்கை.டிஓசிஎக்ஸ்

திரையில் "நாட் ரீசெட்டிங் சிஸ்டம் ஃபைல்" என்று ஒரு வரி வந்து நிற்கும், ஒன்றும் மாறாது. சிஸ்டம் பண்பு மாட்டிய ஃபைலில் மற்றப் பண்புகளை அட்ரிப் தொடாது. அதே போல -எஸ் மட்டும் கொடுத்தால், மறைவு இருப்பதால் "நாட் ரீசெட்டிங் ஹிட்டன் ஃபைல்" என்று மறுக்கும். ஒன்றுக்கு ஒன்று பூட்டு. இரண்டையும் ஒரே வரியில் கழற்றினால்தான் திறக்கும். பழுதுபார்க்கும் வரி இது:

அட்ரிப் -எச் -எஸ் எஃப்:\* /டி

எங்கும் பரவியிருக்கும் வரியில் -ஆர் இருக்கும், கடைசியில் /எஸ்ஸும் இருக்கும். இரண்டையும் முதல் முறையிலேயே போட வேண்டாம் என்பது என் கருத்து. /எஸ் என்றால் உள்ளே உள்ள எல்லா ஃபோல்டர்களுக்குள்ளும் இறங்கும். (பண்பாக வரும் எஸ் வேறு, சாய்கோட்டோடு வரும் /எஸ் வேறு, இதில் குழம்ப வேண்டாம்.) இந்த வகை வைரஸ் பெரும்பாலும் பென்டிரைவின் முதல் மட்டத்தில் உள்ளவற்றைத்தான் மறைக்கிறது. தாய் ஃபோல்டர் தெரிந்தால் உள்ளே இருப்பதும் தெரியும். /எஸ் போட்டால் நியாயமாகவே மறைந்திருந்த டெஸ்க்டாப்.ஐஎன்ஐ, தம்ப்ஸ்.டிபி எல்லாம் ஒவ்வொரு ஃபோல்டரிலும் வெளியே வந்து நிற்கும். முதல் மட்டம் சரியான பிறகும் உள்ளே சில இன்னும் மறைந்திருப்பதை டிர் காட்டினால், அந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுத்து /எஸ் /டி சேர்த்து அடிக்கலாம். -ஆர் தேவையா என்பதையும் மேலே பார்த்த பட்டியல் சொல்லும். ஆர் எழுத்து அங்கே இல்லையென்றால் கழற்ற ஒன்றுமில்லை.

கட்டளை முடிந்ததும் எந்தச் செய்தியும் வராது, அடுத்த ப்ராம்ப்ட் வந்து நிற்கும். அட்ரிப்பில் மௌனம் என்றால் வெற்றி. எக்ஸ்ப்ளோரரில் எஃப்5 அழுத்துங்கள், ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டுகளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஃபோல்டர்கள் வராமல் பெயரே இல்லாத ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். சில வகை வைரஸ் எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கிய ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி, அதற்குக் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி எழுத்தைப் பெயராக வைக்கிறது. ஆல்ட் பிடித்து 0160 தட்டினால் வரும் எழுத்து அது. அந்த ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தி ஒரு சாதாரணப் பெயர் வைத்துவிட்டு உள்ளே போங்கள். எல்லாம் அங்கே இருக்கும்.

இன்னொரு ஃபோல்டரும் புதிதாகத் தெரியும்: சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன். அது வைரஸ் இல்லை, விண்டோஸ் தானே உருவாக்கி மறைத்து வைப்பது. திரும்ப மறைத்துவிடுங்கள். பெயரில் இடைவெளி இருப்பதால் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும்:

அட்ரிப் +எச் +எஸ் "எஃப்:\சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்"

இனி ஷார்ட்கட்டுகளை அழிக்கலாம். முதலில் டிர் எஃப்:\*.எல்என்கே /ஏ என்று பார்த்துவிட்டு, அதே வரியில் டிர் இருந்த இடத்தில் டெல் போடுங்கள். பார்க்காமல் டெல் அடிக்காதீர்கள். .விபிஎஸ், .ஜேஎஸ், .எஸ்சிஆர் என்று முடியும், நீங்கள் வைக்காத ஃபைல்களும் இருக்கும். ஃபோல்டர் படம் போட்டு .இஎக்ஸ்இ என்று முடியும் ஃபைலும் இருக்கலாம். எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன் காட்டும் டிக்கைப் போட்டால் முகமூடி கழன்றுவிடும். டெல் "ஆக்சஸ் இஸ் டினைட்" என்று மறுத்தால் அந்த ஃபைல் ரீட்-ஒன்லியாக இருக்கலாம்: டெல் /எஃப். "குட் நாட் ஃபைண்ட்" என்று வந்தால் மறைந்திருக்கிறது என்று அர்த்தம்: டெல் /ஏ:எச்.

ஆன்டிவைரஸ் ஸ்கேனை எப்போது ஓட்டுவது என்ற கேள்வி வரும். எப்போது ஓட்டினாலும் சரிதான், ஆனால் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிவைரஸ் பெரும்பாலும் ஷார்ட்கட்டையும் ஸ்கிரிப்ட்டையும் எடுத்துவிடும், மாட்டிய பண்புகளைக் கழற்றாமல் விட்டுவிடும். ஸ்கேன் முடிந்ததும் பென்டிரைவ் முழுக் காலியாகத் தெரிய இதுதான் காரணம். ஆன்டிவைரஸ் ஃபைலை அழித்துவிட்டது என்று அதை நிறுவல் நீக்கம் செய்பவர்கள் உண்டு, தேவையில்லை. அதே அட்ரிப் வரி அங்கேயும் வேலை செய்யும்.

எல்லாம் சரியாகி ஒரு நிமிடத்துக்குள் ஷார்ட்கட்டுகள் திரும்ப முளைத்தால் பிரச்சினை பென்டிரைவில் இல்லை, கணினியிலேயே வைரஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் டபிள்யூஸ்கிரிப்ட்.இஎக்ஸ்இ இருக்கிறதா என்று பாருங்கள். அது விண்டோஸின் சொந்த நிரல்தான், ஆனால் நீங்கள் எதையும் ஓட்டாதபோது அது ஓட வேண்டியதில்லை. நிறுத்த:

டாஸ்க்கில் /எஃப் /ஐஎம் டபிள்யூஸ்கிரிப்ட்.இஎக்ஸ்இ

நிறுத்தினால் மட்டும் போதாது, ரீஸ்டார்ட் செய்ததும் திரும்ப எழும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் .விபிஎஸ் அல்லது .ஜேஎஸ் ஃபைலைச் சுட்டும் வரியைத் தேடி முடக்கி, அது சுட்டும் ஃபைலை அழித்து, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் ஒன்று ஓட்டுங்கள். கணினி சுத்தமாகும்வரை பென்டிரைவைத் திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பதில் பயனில்லை.

ஃபைல்களைக் கணினிக்கு எடுத்துவிட்டு பென்டிரைவை ஃபார்மேட் செய்வது அடுத்த படி; ஃபார்மேட்டுக்கு உரிய நேரம் இதுதான். இழுத்துப் போட்டு நகலெடுத்தால் பண்புகளும் கூடவே வரும். நிறைய ஃபைல் என்றால் விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி நல்லது, நகலெடுக்கும்போதே பண்பைக் கழற்றும்:

ரோபோகாப்பி எஃப்:\ டி:\மீட்பு /இ /ஏ-:எஸ்எச் /ஆர்:1 /டபிள்யூ:1 /எக்ஸ்டி "சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்"

இதில் மூன்று கண்ணிகள் உண்டு. /ஆர், /டபிள்யூ கொடுக்காவிட்டால் படிக்க முடியாத ஒரு ஃபைலை ரோபோகாப்பி பத்து லட்சம் முறை, ஒவ்வொரு முறையும் 30 வினாடி காத்திருந்து, முயன்றுகொண்டே இருக்கும். தேய்ந்த பென்டிரைவில் இது விடிய விடிய அப்படியே நிற்கும். எஃப்:\ என்பதை மேற்கோளுக்குள் வைக்காதீர்கள். கடைசி பின்சாய்கோடு மூடும் மேற்கோளை விழுங்கி, பின்னால் வரும் எல்லாவற்றையும் பாதையின் பகுதியாக்கிவிடும். மூன்றாவது, என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கணினியின் டிஸ்க்கில் வழக்கமாக உள்ள முறை) டிரைவின் வேர் ஃபோல்டருக்கே, அதாவது முதல் மட்டத்துக்கே, எச்சும் எஸ்ஸும் உண்டு. /ஏ-:எஸ்எச் இல்லாமல் அதிலிருந்து நகலெடுத்தால் அந்தப் பண்புகள் மீட்பு ஃபோல்டரின் மேல் ஒட்டிக்கொண்டு, நகல் முடிந்ததும் அந்த ஃபோல்டரே கண்ணிலிருந்து மறைந்துவிடும். அப்படி ஆகிவிட்டால் அட்ரிப் -எச் -எஸ் டி:\மீட்பு என்று ஒரு வரி போதும்.

அட்ரிப் "ஆக்சஸ் டினைட்" என்று நின்றுவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு. என்டிஎஃப்எஸ் டிரைவாக இருந்தால் அது உரிமைப் பிரச்சினை. பண்பு வேறு, உரிமை வேறு, அதற்கு ஐகேக்கல்ஸ் என்ற தனிக் கட்டளை. எஸ்டி கார்டாக இருந்தால் அடாப்டரின் பக்கவாட்டில் உள்ள சின்னப் பூட்டு இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பென்டிரைவ் முழுவதுமே எழுதத் தடை என்று சொன்னால், டிஸ்க் அளவிலும் ஒரு ரீட்-ஒன்லி பண்பு இருக்கிறது. அட்மின் ப்ராம்ப்ட்டில் டிஸ்க்குகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் என்ற கருவியைத் திறந்து, லிஸ்ட் டிஸ்க், பிறகு செலக்ட் டிஸ்க் என்று எண்ணைக் கொடுத்து, அட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி. எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன் அளவைப் பாருங்கள். 16 ஜிபிக்கு அருகில் உள்ளதுதான் உங்கள் பென்டிரைவ். அதன் பிறகும் எழுத மறுத்தால், ஃபிளாஷ் சிப் தேய்ந்து கன்ட்ரோலரே பூட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். எந்தக் கட்டளையாலும் அதைத் திறக்க முடியாது. படிக்க முடியும்போதே நகலெடுத்துவிட்டு அந்தப் பென்டிரைவை ஓய்வுக்கு அனுப்புங்கள்.

ஃபோல்டர்களின் ரீட்-ஒன்லி பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் வீணாகும் நேரம் கொஞ்சமல்ல. ப்ராப்பர்ட்டீஸில் அந்தப் பெட்டிக்குள் ஒரு சதுரம் எப்போதும் நிற்கும். எடுத்து ஓகே கொடுத்துவிட்டுத் திரும்ப வந்தால் மறுபடியும் நிற்கும். அது கோளாறு இல்லை. உள்ளே உள்ள ஃபைல்களைப் பற்றிய பெட்டி அது. ஃபோல்டரின் ரீட்-ஒன்லி எழுதுவதைத் தடுக்காது, டெஸ்க்டாப்.ஐஎன்ஐ படித்து ஐகானை மாற்ற வேண்டிய சிறப்பு ஃபோல்டர் என்பதற்கான அடையாளமாகவே விண்டோஸ் அதைப் பயன்படுத்துகிறது. அந்த ஆரைக் கழற்றினால் நீங்கள் வைத்த ஐகான்தான் போகும்.

லினக்ஸ் கணினி பக்கத்தில் இருந்தால் மீட்பு இன்னும் எளிது. அங்கே பெயர் புள்ளியில் தொடங்கினால்தான் மறைவு. எச், எஸ் எழுத்துகளை ஃபைல் மேனேஜர் பொருட்படுத்தாது. செருகியதுமே எல்லா ஃபோல்டரும் தெரியும், அந்த ஸ்கிரிப்ட்டும் அங்கே ஓடாது. கணினியில் நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் யுஎஸ்பி ஒன்று போதும்.

பென்டிரைவைக் கழற்றும் முன், தொடக்கத்தில் சேமித்த பட்டியலையும் டி:\மீட்பு ஃபோல்டரில் டிர் /ஏ /எஸ் /பி கொடுத்து எடுத்த பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிக்கையைப் பாருங்கள். அழித்த ஷார்ட்கட், ஸ்கிரிப்ட், சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் வரிகளைத் தவிர வேறு எதுவும் குறையக் கூடாது. குறைந்தால் ஃபார்மேட் கொடுக்காமல், குறைந்த வரியின் பாதையை அட்ரிப்புக்குக் கொடுத்துப் பாருங்கள்.